எழுத்து நின்றுபோனால் தறிப்பக்கம் போகலாமா?

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 11

மூன்று மாதமாக ஒரு பத்திகூட நகரவில்லை. பாட்டு கேள், படம் பார், கண்காட்சிக்குப் போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தால் அதே வெள்ளைத் தாள். வேறு கலையிலிருந்து எழுத்துக்கு நிஜமாகவே ஏதாவது கிடைக்குமா, இல்லை ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சா?

நவம்பர் 12, காலை

கிடைக்கும். எனக்குக் கிடைத்திருக்கிறது. கச்சேரியில் ரசிகையாக உட்கார்ந்து உருகிவிட்டு வந்தால் உருகியதோடு சரி. பாடுகிறவர் எங்கே தயங்கினார், தயங்கிய இடத்திலிருந்து எதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார் என்று பார்த்தால்தான் நம் கையில் ஏதாவது ஒட்டும். அவர்கள் வேலை செய்கிற முறையைக் கடன் வாங்கலாம். அவர்கள் தருகிற பரவசத்தை வாங்கி வந்து தாளில் வைக்க முடியாது.

என் விஷயத்தைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு சிறுகதை ஏழு மாதம் நின்றுபோனது. அப்பா இறந்த பிறகு வீட்டை விற்பதா வேண்டாமா என்று அம்மாவும் மகளும் ஒரு மதியம் முழுக்கப் பேசுகிற கதை. நடுவில் அம்மா பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அதற்கு மேல் ஒரு வரி போகவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியை இரவு எழுதுகிறேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 12, இரவு

நாத்தனார் வீடு காஞ்சிபுரத்தில். அவர் பெண்ணின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர் வீட்டுத் தறியைப் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் மஞ்சள், கரை அரக்கு. குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருக்க, கரைப்பக்கமாக அவர் மனைவி. மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்றாக இரண்டு. உடலின் ஊடை கரை தொடங்கும் இடம் வரை வருகிறது, கரையின் ஊடையோடு ஒரு முறை கோத்துக்கொள்கிறது, திரும்பிவிடுகிறது. உள்ளே நுழைவதில்லை. அடுத்த இழையிலும் அதே. ஒவ்வொரு இழைக்கும் அவர் ஒரு பார்வை, அந்த அம்மா ஒரு பார்வை.

ஒரே நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விட்டால் என்ன, இரண்டு ஆள் எதற்கு என்று கேட்டேன்.

"விடலாம்மா. மஞ்ச போய் அரக்குல கலந்துடும். கரை கரையா இருக்காது."

பேருந்தில் திரும்பி வரும்போது வாலாஜாபாத் தாண்டியதும் எனக்குப் புரிந்தது. என் கதையில் ஒரே நாடாதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா யோசிப்பதையும் மகளின் சொற்களில் எழுதியிருந்தேன். அறுபத்தெட்டு வயதுப் பெண், பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவள், அவள் மனசுக்குள் "உரிமை", "நினைவு" என்று யோசிக்கிறாள். அந்தச் சொற்கள் மகளுடையவை. அம்மா "உங்கப்பா நட்ட முருங்கை" என்று யோசிப்பாள். மகளின் நிறம் போய் அம்மாவுக்குள் கலந்திருந்தது. அப்படிக் கலந்துபோன ஒருத்தி சாவியை எடுத்து இடுப்பில் செருகினால், அடுத்து என்ன செய்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவே இரண்டு நோட்டுப் போட்டேன். ஒன்றில் அம்மா மட்டும், இன்னொன்றில் மகள் மட்டும். இருவரும் ஒரே பொருளைத் தொடுகிற இடத்தில் மட்டும் கோத்தேன். சாவி, சொம்பு, கிணற்று மேடை. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்று நான்கு பக்கம்.

நவம்பர் 14

நெசவுச் சொல் புரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பாவு நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல். ஊடை குறுக்கே போகும் நூல். நாடா ஊடையைச் சுமந்துகொண்டு போவது. முந்தி உங்களுக்கே தெரியும்.

முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் அது தனிக் கதை. பாவையே மாற்ற வேண்டும். பழைய பாவு இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவு இழை ஒவ்வொன்றையும் சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். நல்ல புடவையில் முந்தி தொடங்கும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதை யாரும் மறைப்பதில்லை.

நவம்பர் 19

முந்தைய குறிப்பைப் படித்தால் தறியைப் பார்த்ததும் கதை முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. அப்படி இல்லை. நான்கு பக்கம் போனது, மறுபடி நின்றது. அம்மா, மகள் இருவருக்கும் நிறம் வந்துவிட்டது, ஆனால் கதை எங்கே போய் இறங்க வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டாவது முறை நிற்பது முதல் முறையைவிடக் கஷ்டம். முதல் முறை "எனக்கு எழுத வரவில்லை" என்று அழலாம். இரண்டாவது முறை கையில் நல்ல பக்கங்கள் இருக்கின்றன, அவற்றை வீணாக்கிவிடுவோமோ என்று பயம் வந்துவிடுகிறது.

நவம்பர் 20

தங்கை மகன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவன் கூடத்தில் உட்கார்ந்து தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். வீட்டுப்பாடக் கணக்கு என்று நினைத்தேன். "கோர்வை பெரியம்மா" என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெசவிலும் கோர்வை, மிருதங்கத்திலும் கோர்வை. தமிழ் ஐயா என் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் எழுதினாரே, "கருத்து உண்டு, கோர்வை இல்லை", அதுவும் இதுவேதான். கோ என்றால் கோத்தல். பூவைக் கோக்கிறோம், ஊசியில் நூலைக் கோக்கிறோம், கைகோக்கிறோம். மூன்று தொழில்காரர்கள் தங்களுடைய ரொம்பக் கடினமான இடத்துக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி தனி ஆவர்த்தனம். அது முடிகிற இடத்தில், முடிவைச் சொல்லும் மோரா வைத்துக் கோர்வை வாசிப்பார்கள். மூன்று முறை ஒன்றை வாசித்து, பாட்டு எடுத்த இடத்தில் சரியாக வந்து விழ வேண்டும். அவன் எப்படிக் கணக்குப் போடுகிறான் என்று கேட்டேன். கடைசியிலிருந்து போடுகிறான். ஆதி தாளம் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம், 32. முடிவில் "ததிங்கிணதொம்" மூன்று முறை வேண்டும். அது ஐந்து மாத்திரை, மூவைந்து பதினைந்து. 32-இல் 15 போக 17. அந்தப் பதினேழில்தான் முன்பகுதி நிற்க வேண்டும். முதலில் இறங்கும் இடம், பிறகுதான் கிளம்பும் இடம்.

நான் கிளம்பும் இடத்திலிருந்து மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 21

நேற்று எழுதிய கணக்கு தவறு. தங்கை மகனிடம் படித்துக் காட்டினேன், "கார்வையை விட்டுட்டீங்க" என்றான். ஒரு ததிங்கிணதொம்முக்கும் அடுத்ததற்கும் நடுவே கை சும்மா இருக்கும் இடம் கார்வை. இவன் கோர்வையில் அது இரண்டு மாத்திரை, இரண்டு இடத்தில். ஆக 15-உடன் 4 சேர்த்து 19. முன்பகுதிக்கு 13-தான் மிஞ்சும்.

இந்தத் தவறை நான் செய்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கதையிலும் இதையே செய்துகொண்டிருந்தேன். அம்மா பேசுகிறாள், மகள் பேசுகிறாள், மறுபடி அம்மா. நடுவில் யாரும் பேசாத நேரத்துக்கு நான் இடமே ஒதுக்கவில்லை. அது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வராது. வாசிக்காத மாத்திரையையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

கடைசி வரியை எழுதி மேசை மேல் ஒட்டினேன். மகள் சாவியைக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விளக்கைப் போடுகிறாள். அங்கே இறங்க வேண்டும். அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 3

"நம் ஊர்க் கலை என்பதால் உங்களுக்கு ஒட்டுகிறது, வெளியிலும் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா" என்று கேட்டிருந்தார்கள். எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே. 1902-இல் சிற்பி ரோடினைப் பற்றி ஒரு நூல் எழுதப் பாரிஸுக்குப் போனார். அப்போது வயது 26. ரோடின் காலையில் பட்டறைக்குள் போய் மண்ணைக் கையில் எடுத்துவிடுவார், மனம் கனிகிற வரை காத்திருப்பதில்லை. எப்படி வாழ்வது என்று கேட்டதற்கு, வேலை செய்துதான் என்று பதில் கிடைத்ததாக ரில்கே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒரு மிருகத்தை நிஜமாகப் பார்க்கத் தெரிகிற வரை பார்த்துக்கொண்டிரு என்று ரோடின் அனுப்பினார் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எழுதியதுதான் கூண்டுச் சிறுத்தையைப் பற்றிய கவிதை. அதில் கவிஞரின் மனநிலை எங்கும் முன்னால் வந்து நிற்காது. கம்பி, நடை, கண்ணின் திரை, அவ்வளவுதான். சிற்பம் மாதிரி சுற்றிவந்து பார்க்கலாம்.

ரில்கே சிற்பத்தைப் பற்றி அழகாக எழுதியது வேறு விஷயம். சிற்பி பார்க்கிற மாதிரி பார்க்கக் கற்றுக்கொண்டாரே, நான் சொல்வது அதை.

டிசம்பர் 5

ரில்கே பற்றி எழுதிவிட்டு இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது. மீதியையும் சொல்ல வேண்டும். ரோடினிடம் அவ்வளவு கற்றுக்கொண்ட அதே மனிதருக்கு, 1912-இல் துயினோ கோட்டையில் தொடங்கிய எலிஜிகள் என்ற துயரக் கவிதைகள் 1922 பிப்ரவரியில்தான் முடிந்தன. பத்து வருஷம். நடுவில் ஒரு உலகப்போர். அடுத்த கலையின் பட்டறை ஒரு முறை கதவைத் திறந்தால் எப்போதும் திறந்தே இருக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 1922 பிப்ரவரியில் எலிஜிகள் மட்டும் முடியவில்லை, கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸைப் பற்றி 55 கவிதைகளும் வந்தன. எழுதும் மேசைக்கு எதிரே, மரத்தடியில் ஆர்ஃபியஸ் இசைக்கிற பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தை அவருடைய தோழி மாட்டிவிட்டுப் போயிருந்தார். படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். படம் அங்கே இருந்தது.

டிசம்பர் 18

மார்கழி பிறந்துவிட்டது. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் விடிவதற்குள் வாசல் எல்லாம் நனைந்திருக்கிறது. இன்று எதிர்வீட்டு அம்மா சிக்குக் கோலம் போடுவதை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். கோடு எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, எந்தப் புள்ளியையும் விட்டுவிடவும் கூடாது, வளைந்து வளைந்து போய்க் கிளம்பிய இடத்தில் சேர வேண்டும். நடுவில் கை நின்றது. அவர் கோட்டை அழிக்கவில்லை. எழுந்து இரண்டடி தள்ளி நின்று முழுக் கோலத்தையும் பார்த்தார், பிறகு குனிந்து, விட்ட இடத்தில் இல்லாமல் வேறொரு மூலையிலிருந்து இன்னொரு கோடு தொடங்கினார். இரண்டும் நடுவில் வந்து சந்தித்தன.

கோலத்தை இப்படிப் பார்த்தவர்கள் கணினித் துறையிலும் உண்டு. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் கோலத்துக்கு இலக்கணம் எழுதலாம் என்று 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போல, சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் கோலம் வளரும். கல்லூரி நாட்களில் இதைக் கேட்டபோது பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. வாசலில் குனிந்திருக்கும் அம்மாவிடமிருந்து கணினிக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள், எழுதுகிற நாம் அவரைத் தாண்டிப் பால் வாங்கப் போய்க்கொண்டிருக்கிறோம்.

விஷயத்தைவிட்டு எங்கோ போய்விட்டேன். சரி, இருக்கட்டும்.

2025 ஜனவரி 2

ஒரு எச்சரிக்கை. டிசம்பர் முழுக்க நான் கதையைத் தொடவில்லை. கோலப் புத்தகம் வாங்கினேன், நேர்ப்புள்ளிக்கும் இடைப்புள்ளிக்கும் நோட்டுப் போட்டேன், நான்கு கச்சேரி கேட்டேன். எல்லாமே "கதைக்காக" என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. கதைக்குப் பயந்துதான் போனேன்.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். அடுத்த கலைக்குப் போகும்போது கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். "இரண்டு பேர் குரல் ஏன் கலக்கிறது" மாதிரி ஒரு கேள்வி. கேள்வி இல்லாமல் போனால் அது சுற்றுலா. சுற்றுலாவும் நல்லதுதான், ஆனால் அதற்கு வேறு பெயர் வேண்டாம்.

இதே வருத்தம் எனக்கு ஒரு பயிலரங்கிலும் வந்தது. எழுத்துத் தடை நீங்க என்று பணம் கட்டிப் போனேன். இரண்டு நாளும் பாட்டை ஓடவிட்டு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். யாருடைய கதை எங்கே நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கையெழுத்துப் பிரதியைப் பையிலேயே வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஜனவரி 9

கேள்வியோடு போனேன். கேள்வி இது: எல்லாம் எழுதிவிட்டேன், ஆனாலும் கதை தலை பெருத்துக் கிடக்கிறது, ஏன்?

சுவாமிமலை எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவர் பட்டறையில் உட்கார அனுமதித்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிய மெழுகில்தான் முதலில் உருவம். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசுகிறார்கள். மெழுகில் இருக்கிற நகக்கீறல்கூட அந்த மண்ணில் பதிந்துவிடும். அதற்கு மேல் கெட்டி மண், கம்பிக் கட்டு. காய்ந்ததும் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அது இருந்த வெற்றிடத்தில் உலோகம் போகும். மெழுகின் எடையைப் போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். கடைசியில் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதே அச்சில் இன்னொன்று கிடையாது.

மெழுகு உருகி ஓடுவதைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது தென்னை ஓலை நறுக்கு. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். சிலை அளவு முறைகளில் ஒன்றான உத்தம தசதாளம் என்றால் மொத்தம் 124 பங்கு. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு. சிலை பெரிதோ சிறிதோ, அந்த ஓலைதான் அளவு. அடி, அங்குலம் எல்லாம் கிடையாது. அந்தச் சிலைக்கு அந்தச் சிலையே அளவுகோல்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் நீளமாக ஒரு நறுக்கு வெட்டினேன். கதை பன்னிரண்டு பக்கம், அதனால் பன்னிரண்டு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் அங்கே நடப்பதை ஒரே சொல்லில் எழுதினேன். சாவி ஏழாவது மடிப்பில் வந்தது. முதல் ஐந்து மடிப்பும் மகள் பேருந்தில் வருவது, தெரு, வாசல். கண்ணால் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பிப் படித்தபோதெல்லாம் அது தெரியவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் தனியாக நன்றாக இருந்தது.

மூன்று மடிப்பைக் கிழித்தேன். சாவி நான்காவதுக்கு வந்தது.

ஜனவரி 10

ஆமாம், பேருந்துப் பகுதியும் போய்விட்டது. எனக்குப் பிடித்த பகுதி. தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

ஜனவரி 27

இன்னும் ஒன்று, நிரவலிலிருந்து. பாடகர் ஒரே வரியை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுவார். ராகம் விரியும், ஆனால் சொற்கள் தாளத்தில் இருக்கும் இடம் பிசகாது. அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். "அம்மா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்." இந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. அதற்கு முன் வருகிற வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். முன்னால் காக்கை கரைந்தால் அது பயம். முன்னால் மகள் தண்ணீர் கேட்டிருந்தால் அது கோபம். முன்னால் அம்மா அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதையே வைத்துக்கொண்டேன். பத்தொன்பதாவது முறை வந்தது அது.

இதைச் செய்ய இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு சுருதி பிடித்துப் பாட வராது. ஒரு வரியை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

பிப்ரவரி 8

நவம்பரில் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். தறி, மிருதங்கம் எதற்கும் அவர் போகவில்லை. அவர் அப்பா தையற்காரராம், நாற்பது வருஷம். வீட்டுத் திண்ணையிலேயே இயந்திரம். "இத்தனை நாள் அந்தச் சத்தம் எழுத விடவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்" என்கிறார். போன வாரம் கதவைத் திறந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா ரவிக்கை வெட்டும்போது அளவுக்குச் சரியாக வெட்டுவதில்லை, உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைக்கிறார். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள. வெளியே தெரியாது, உள்ளே இருக்கும். அன்று மாலை இவருக்கு அறுநூறு சொல் வந்திருக்கிறது.

நான் காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கதையை நறுக்கி நறுக்கி அளவுக்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவைப் பற்றி நான் எழுதிய எல்லாமே கதையில் பயன்பட்டுவிட்டது. உள்ளே மடித்து வைத்த துணி ஒன்றும் இல்லை. பத்து வருஷம் கழித்துப் படிக்கிற ஒருவர் பிரித்துப் பார்த்தால் அங்கே ஏதாவது இருக்க வேண்டாமா? பத்திரிகைக்கு அனுப்ப உறை எல்லாம் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எத்தனை அங்குலம் விடுவார்? எல்லாத் தையலிலும் விடுவாரா, சில இடத்தில் மட்டுமா?